கருணை மனு எழுதாத வழக்கறிஞர் தேவை

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில், குறுகலான மாடிப்படி ஏறித்தான் அந்த வழக்கறிஞரின் அறைக்குப் போக வேண்டும். உடன் வந்த நண்பர் அரசுப் பள்ளித் தமிழாசிரியர், பிறவியிலேயே பார்வையற்றவர். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் காசோலைப் புத்தகம் கேட்டிருக்கிறார். “உங்களுக்கு எதுக்கு சார் ரிஸ்க்? வீட்டுல யாரையாவது ஜாயின்ட் அக்கவுன்ட்டா சேர்த்துக்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு முறையல்ல, மூன்று முறை. நான்காம் முறை வங்கிப் பக்கம் போகாமல் வக்கீலைத் தேடிப் போனோம்.

வழக்கறிஞர் நல்ல மனிதர். உட்கார வைத்து, காபிக்குச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: “சாருக்குக் கையெழுத்துப் போட வருமா, கைநாட்டா?”

சார் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். “வரும் சார். இருபத்தோரு வருஷமா வருகைப் பதிவேட்டுல போட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். வழக்கறிஞர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அடுத்த அரை மணி நேரமும் கேள்விகள் என்னிடம்தான் வந்தன. நண்பர் பதில் சொல்வார். அந்தப் பதிலையும் வழக்கறிஞர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுக்கொள்வார். ஒரு வாரம் கழித்து நோட்டீஸின் வரைவு வந்தது. நான் வாசித்துக் காட்டினேன். ‘எனது கட்சிக்காரரின் பரிதாபகரமான நிலையைக் கருணையுடன் பரிசீலித்து’ என்ற இடம் வந்ததும் நண்பர் நிறுத்தச் சொன்னார். “நான் கடன் கேட்டுப் போகலையே. என் பணத்தை எடுக்க என் காசோலையைக் கேக்குறேன். இதுல பரிதாபம் எங்க வந்துச்சு?”

பார்வையற்ற வாடிக்கையாளர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, இணைய வங்கி, லாக்கர் என எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4-ம் தேதியே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் காசோலையும் அதில் அடக்கம். அந்தச் சுற்றறிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பரிதாபத்தை அழகாக எழுதத் தெரிந்தவருக்கு அந்தச் சுற்றறிக்கை தெரிந்திருக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உடையவர்கள் ஏறத்தாழ 50.7 லட்சம் பேர். பார்வைக் குறைபாடு உடையவர்கள் 50.3 லட்சம் பேர். வேலையில், வங்கியில், வாடகை வீட்டில், தேர்வறையில், காவல் நிலையத்தில் என்று பாகுபாட்டைச் சந்திக்காமல் இவர்களில் ஒருவர் வாழ்ந்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இவர்களுக்காக வந்த சட்டமோ வலுவானது. 1995-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அடுத்த ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டப் புத்தகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

பெயர்ப்பலகையில் இல்லாதது

இருதய மருத்துவர் வேண்டுமென்றால் தெருவில் நடந்தாலே பலகை கண்ணில் படுகிறது. வழக்கறிஞர் விஷயத்தில் அது நடக்காது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-வது விதி, வழக்கறிஞர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடுக்கிறது. இன்ன துறையில் தேர்ந்தவர் என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளவும் அனுமதி இல்லை. 2008-ல் கொஞ்சம் தளர்த்தி, சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, படிப்பு, எந்தெந்தத் துறை வழக்குகளை நடத்துகிறார் என்ற விவரங்களை மட்டும் வெளியிடலாம் என்றார்கள். இணையச் சந்தைத் தளங்களில் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு நட்சத்திர மதிப்பெண் கொடுப்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வழக்கறிஞர் தொழில் கடைச்சரக்கு ஆகிவிடக் கூடாது என்பது நீதிமன்றத்தின் கவலை. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் விளம்பரம் இல்லாத ஊரில் வக்கீல் எப்படிக் கிடைக்கிறார்? மச்சான் சொல்வார், டீக்கடையில் ஒருவர் சொல்வார், ஏற்கெனவே கேஸ் நடத்தியவர் சொல்வார். எல்லாம் செவிவழிச் செய்தி. காது கேளாதவருக்கு அந்த வழியே அடைப்பு. பார்வையற்றவருக்குச் செய்தி கிடைத்துவிடும்; ஆனால் அவர் போய் நிற்கும் வழக்கறிஞர் நிலத் தகராறிலும் விவாகரத்திலும் கரைகண்டவராக இருப்பாரே தவிர, 2016-ம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருப்பாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இலவசச் சட்ட உதவி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளி எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமான உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் சம்பாதிக்கும் பார்வையற்ற அதிகாரியும் கேட்டுப் பெறலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. என் நண்பருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. சட்ட உதவிக்கான தேசிய உதவி எண் 15100. இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது தொலைபேசி எண்தான். காது கேளாத ஒரு பெண் அந்த எண்ணை அழைத்து யாரிடம் என்ன பேசுவார்? அச்சடித்தவர்கள் யோசித்திருக்கலாம்.

ஆணைக்குழு ஒதுக்கும் வழக்கறிஞரும் குழுப் பட்டியலில் அடுத்த பெயருக்கு உரியவர், அவ்வளவே. சைகை மொழி புரிகிற அலுவலகம் எது, திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பானில் படிக்கத்தக்க ஆவணங்களை அனுப்பத் தெரிந்தவர் யார், இந்தச் சட்டத்தில் இதுவரை ஒரு வழக்காவது நடத்தியவர் யார் என்ற குறிப்புகள் ஒரு மாவட்டப் பட்டியலில் இருந்தாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பணம் செலவாகிற காரியமும் அல்ல இது.

கேள்வியை மாற்றத் தெரிந்தவர்

சரியான வழக்கறிஞரை எப்படி அடையாளம் காண்பது? முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: ‘நியாயமான ஏற்பாடு’ என்றால் என்ன? அவர் விழித்தால், மரியாதையாக எழுந்து வந்துவிடுவது நல்லது.

2016-ம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி அந்தச் சொல். மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாக இயங்குவதற்குத் தேவையான, எதிர்த்தரப்பு தாங்க முடியாத அளவுக்குச் சுமையாகாத மாற்றத்தைச் செய்து தருவதே நியாயமான ஏற்பாடு. அலுவலகக் கணினியில் திரைவாசிப்பான் போட்டுத் தருவது, நேர்முகத் தேர்வுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை வரவழைப்பது, தேர்வில் சொல்வதை எழுத ஒருவரை அனுமதிப்பது எல்லாம் இதில் வரும். 2-வது பிரிவு பாகுபாட்டுக்குச் சொல்லும் விளக்கத்திலேயே, இந்த ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடு என்று இருக்கிறது. ஒருவரைத் திட்டவோ விரட்டவோ வேண்டியதில்லை. செய்து தர வேண்டியதைச் செய்யாமல் சும்மா இருந்தாலே சட்டமீறல்தான்.

இந்தச் சொல் வழக்கில் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2014-ல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டது. பகுதி பார்வைக் குறைபாடும் பகுதி செவித்திறன் குறைபாடும் உள்ளவர்களுக்கு 40 முதல் 50 விழுக்காடு ஊனம் வரைதான் அனுமதி என்று அதில் வரம்பு வைத்திருந்தார்கள். 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு கொண்ட வி. சுரேந்திர மோகன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019 ஜனவரியில் தோற்றார். நீதிபதி ஒருவருக்குப் பார்வையும் செவியும் பேச்சும் ஓரளவுக்கு இருந்தாக வேண்டும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு பார்வை போதும் என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. அவருக்கு என்ன ஏற்பாடு செய்துகொடுத்தால் அந்த வேலையைச் செய்வார் என்ற கேள்வி எழவே இல்லை.

இரண்டே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்வதை எழுத ஆள் வேண்டும் என்று வழக்குத் தொடுத்திருந்தார். 2021 பிப்ரவரியில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதோடு நிற்காமல், நியாயமான ஏற்பாடு பற்றிச் சுரேந்திர மோகன் தீர்ப்பில் பேச்சே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பழைய சட்டத்தின் கீழ் எழுந்த அந்தத் தீர்ப்பு 2016-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆகாது என்றும் சொன்னது. 2025 மார்ச் 3-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் கதவை முழுதாகத் திறந்தார்கள். பார்வையற்றோரை நீதித் துறைப் பணியிலிருந்து ஒதுக்கிய மத்தியப் பிரதேச விதியை ரத்து செய்த அந்த வழக்கு, பார்வைக் குறைபாடுள்ள தேர்வர் ஒருவரின் தாய் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கியது. சுரேந்திர மோகனுக்கு அது காலம் கடந்து வந்த நீதி. அவருடைய வழக்கறிஞர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்தது பழைய சட்டம். இன்று புதிய சட்டம் கையில் இருக்கும்போதும் பழைய கேள்வியையே தூக்கிக்கொண்டு போகிற வழக்கறிஞரைத்தான் குறை சொல்கிறேன்.

நம் மின்வாரியத்தின் வழக்கு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு இருக்கிறதென்று வேலை மறுக்கப்பட்டது. நிறக்குருடு சட்டத்தின் பட்டியலில் உள்ள ஊனமே இல்லை. பட்டியலில் இல்லையே என்று கைவிரித்துவிட எந்த வழக்கறிஞருக்கும் அது போதுமான காரணம். ஆனால் நியாயமான ஏற்பாடு என்ற கொள்கையின் பலத்திலேயே 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை அதே பொறியாளர் பதவியில், பொருத்தமான பிரிவில் அமர்த்தும்படி உத்தரவிட்டது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் வழக்கறிஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாநில அரசு அலுவலகம் என்றால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். தேசியமயமாக்கப்பட்ட வங்கி என்றால் டெல்லியிலுள்ள தலைமை ஆணையர். வெள்ளைத் தாளில் புகார் எழுதினால் போதும், வக்கீலே தேவையில்லை. சம்மன் அனுப்பவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. ஆனால் கடைசியில் அவர் தருவது பரிந்துரை. மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்றிப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பதிலே வராமல் போகும்போதுதான் வக்கீலின் வேலை தொடங்குகிறது: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நேராக ரிட் போட்டு, ‘முதலில் ஆணையரிடம் போ’ என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஓர் ஆண்டு வீண். எதிராளி தனியார் நிறுவனமென்றால் வழியே வேறு. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 92-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. அந்தப் பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு போனால்தான் காவல் நிலையத்தில் கவனிப்பார்கள்.

இடையில் நிற்பவர் யார்?

காது கேளாத கட்சிக்காரரின் நிலை இன்னும் சிக்கல். “எழுதிக் காட்டச் சொல்லுங்க, படிச்சுக்கிறேன்” என்பார் வழக்கறிஞர். பிறந்ததிலிருந்தே காது கேளாத பலருக்குத் தாய்மொழி சைகை மொழிதான். தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. சைகை மொழி தமிழைக் கையால் எழுதுவதல்ல, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. தமிழின் வேற்றுமை உருபுகளும் வினைமுற்று விகுதிகளும் அதில் கிடையாது. இடமும் திசையும் முகபாவமும் அந்த வேலைகளைச் செய்கின்றன. ஆகவே அவர் எழுதும் தமிழில் யார் யாருக்கு நிலத்தை விற்றார் என்பது தலைகீழாகத் தெரியலாம். அவருக்குப் புத்தி போதவில்லை என்று வழக்கறிஞர் முடிவு கட்டிவிடுவார்.

காது கேளாதவர்கள் உதட்டசைவைப் படித்துக்கொள்வார்கள் என்று சில வழக்கறிஞர்கள் நம்புகிறார்கள். கண்ணாடி முன் நின்று ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றே. வழக்கறிஞருக்கு அடர்ந்த மீசை வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனவே மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நடைமுறையில் அந்த நாற்காலியில் உட்காருவது அண்ணனோ, மாமனாரோ, பத்து வயது மகளோ. சொத்துப் பாகப்பிரிவினையில் அண்ணனே எதிராளியாக இருக்கலாம். குடும்ப வன்முறையில் மாமனாரே குற்றவாளியாக இருக்கலாம். அம்மா பட்ட அடியை மகள் வாயால் வழக்கறிஞரிடம் சொல்ல வைப்பது என்ன நியாயம்?

சட்டம் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது என்பது வியப்பு. கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்திலும் அது தொடர்கிறது. வழக்கறிஞர் தன் தரப்பில் அமர்த்தும் மொழிபெயர்ப்பாளருக்கு ரகசியம் காக்கும் கடமை உண்டு. கூட வந்த சொந்தக்காரருக்கு அது இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது வழக்கறிஞரின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

உறவினரை நம்பிப் போனால் வழக்கே கவிழும். ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் கொலையைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி, காது கேளாத, வாய் பேசாத பெண். நீதிமன்றத்தில் அவருடைய சைகைகளை விளக்கியவர் அவருடைய தந்தை. பிரமாணம் செய்விப்பதிலும் கோட்டை விட்டிருந்தார்கள். காது கேளாதவரும் முழுத் தகுதியுள்ள சாட்சியே என்று 2012-ல் தெளிவாகச் சொன்ன உச்ச நீதிமன்றம், வழக்கில் அக்கறை இல்லாத ஒருவரே மொழிபெயர்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் விடுதலைத் தீர்ப்பு அப்படியே உறுதியானது.

செலவு யாருடையது? 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் சாட்சியம் அளிக்க வழிசெய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அது நீதிமன்றத்துக்குள். வழக்கறிஞரின் அறைக்குள் அப்படிப் பளிச்சென்று ஒரு வரி இல்லை. அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், ஹோட்டல், திரையரங்கு, மருத்துவமனை வரிசையில் வழக்கறிஞர் அலுவலகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் கட்டணத்தைக் கட்சிக்காரர் தலையில் அங்கே கட்ட முடியாது. தனியாகத் தொழில் நடத்தும் நம்மூர் இளம் வழக்கறிஞரிடம் அந்தச் சுமையை ஏற்றச் சொல்லமாட்டேன். சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்கலாம், ஏற்க வேண்டும். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் 2015-ல் தொடங்கப்பட்டும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தட்டுப்பாடுதான். காணொலி அழைப்பு வந்துவிட்ட காலத்தில் சென்னையில் இருக்கும் ஒருவர் செங்கோட்டைக் கட்சிக்காரருக்கு மொழிபெயர்க்கத் தடை என்ன?

வானவில் எழுத்துரு

பார்வையற்ற கட்சிக்காரருக்கு வேறு வகைத் தொல்லை. ஸ்கேன் செய்த பக்கங்களை அனுப்பினால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், மௌனமாகிவிடும். நீதிமன்ற வாசல் தட்டச்சுக் கடைகளில் இன்னும் பழைய வானவில் எழுத்துருவில் அடிக்கும் தமிழ் மனுவோ, ஒருங்குறியில் இல்லாததால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காதில் கொட்டும். தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே கையெழுத்திடுவார். தவறான ஒரு தேதி, சொல்லாத ஒரு வாக்கியம், பிறகு குறுக்கு விசாரணையில் அவர் கழுத்தைத்தான் நெரிக்கும்.

இரண்டாவதாக எங்களுக்கு வாய்த்த வழக்கறிஞர் பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு வழியாகக் கிடைத்தார். தென்மாவட்டத்துப் பெண்; தொழிலுக்கு வந்து ஆறு ஆண்டுகள்தான். நண்பரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், டிராஃப்ட்ட எந்த மாதிரி அனுப்பினா உங்க ஸ்கிரீன் ரீடர் படிக்கும்?” ஒருங்குறியில், வேர்டு கோப்பாக வந்தது. இரண்டே பக்கம். ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, 2016-ம் ஆண்டுச் சட்டம், பதினைந்து நாள் கெடு. பரிதாபம் எங்கும் இல்லை. நண்பர் அன்றிரவே படித்துவிட்டு நான்கு ஒற்றுப்பிழைகளைத் திருத்தி அனுப்பினார். தமிழாசிரியர் அல்லவா?

பார்வையற்றவருக்குப் பார்வையற்ற வழக்கறிஞர்தான் பொருத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் இந்தத் துறையின் பெரிய அடிகளை எடுத்து வைத்தவர்களில் அவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்கவும் கூடாது. 1993-ல் குடிமைப் பணித் தேர்வைப் பிரெய்லியிலோ, சொல்லி எழுத வைத்தோ எழுதும் உரிமையைப் பார்வையற்றோருக்கு உச்ச நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்றுத் தந்த எஸ்.கே. ருங்டா பார்வையற்றவர். வேலைவாய்ப்பில் மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று 2013 அக்டோபரில் நம் ஊர்க்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்ததும், ருங்டா முன்னின்று நடத்திய பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பின் வழக்கில்தான். கேமரா முன் கண்ணைச் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற அடையாளச் சரிபார்ப்பு (கேஒய்சி) நடைமுறைக்கு எதிராக, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களோடு பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் உச்ச நீதிமன்றம் போனார். எண்மச் சேவைகளை அணுகுவதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது. கூடவே இருபது உத்தரவுகள்.

பெங்களூரைச் சேர்ந்த சாரா சன்னி காது கேளாத வழக்கறிஞர். 2023 செப்டம்பரில் காணொலி வழியே உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானபோது, அவருடைய சைகை மொழிபெயர்ப்பாளரின் திரையைத் தொடர்ந்து காட்ட முடியாது என்று கட்டுப்பாட்டு அறையில் முதலில் மறுத்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் அனுமதித்த பிறகு விசாரணை ஓடியது. மொழிபெயர்ப்பாளரின் வேகத்தைப் பார்த்து சொலிசிட்டர் ஜெனரலே வியந்தார். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமே அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே 2023 வரை பிடித்தது இது. தாலுகா நீதிமன்றத்துக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியமில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மறுப்பு எப்போதும் வாய்மொழியாகவே வரும். ‘எழுத்தில் கொடுங்கள்’ என்று கேளுங்கள். கொடுக்கமாட்டார்கள். அன்றைக்கே, நடந்ததை அவர்களுக்கே மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழோடு அது நீதிமன்றத்தில் செல்லும். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது துணைக்கு ஆளைக் கூட்டிப்போகலாம், தவறில்லை. கேள்விகள் துணைக்கு வந்தவரிடமே போய்க்கொண்டிருந்தால் கட்டணம் கொடுக்கும் முன் கிளம்பிவிடுங்கள்.

மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் பார் கவுன்சிலிடமும் கேட்பதற்கு இரண்டுதான். மாவட்டத்துக்கு ஐந்து பேராவது இந்தச் சட்டத்தில் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்களின் பட்டியலை, திரைவாசிப்பான் படிக்கும் வடிவிலும் சைகை மொழிக் காணொலியாகவும் வெளியிடுங்கள். அது விளம்பரம் ஆகாது, வழிகாட்டி. 15100-க்குப் பக்கத்தில், குறுஞ்செய்தியும் காணொலி அழைப்பும் ஏற்கும் ஒரு கைப்பேசி எண்ணையும் அச்சடியுங்கள்.

நோட்டீஸ் போன பதினோராம் நாள் நண்பருக்கு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கைக்கு வந்த காசோலைப் புத்தகத்தின் முதல் காசோலையை அவர் அந்த வழக்கறிஞரின் பெயருக்குத்தான் எழுதினார்.